மணிக்கட்டில் தெரியாத மூச்சு

அடுத்தவர்களை மூச்சிரைக்க வைத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. காலையில் பெரம்பலூர் மைதானம். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளும், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பயந்து நடக்கும் பெரியவர்களும் அங்கே என் பொறுப்பு. சாயங்காலம் பஸ் ஏறி அரியலூர் போனால் அங்கே ஒரு ஜிம். என் பெயர் விமலா. பெரியவர்களுக்கு 'பாப்பா', பிள்ளைகளுக்கு 'அக்கா', மற்றவர்களுக்கு 'மேடம்'.

ஓடும் உடம்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதல் எல்லைக்குள் இருக்கும்வரை பேசிக்கொண்டே ஓடலாம், ரொம்ப நேரம் தாங்கும். இரண்டாவதைத் தாண்டினால் வாயில் வார்த்தை வராது, தொடை கல்லாகும், சீக்கிரமே நின்றாக வேண்டும். இந்த எல்லைகள் ஒருவருக்கு எங்கே இருக்கின்றன என்று சரியாகச் சொல்ல, ஓடவிட்டு நடுநடுவே ரத்தம் குத்தி எடுக்க வேண்டும், அல்லது முகமூடி மாட்டி மூச்சை அளக்க வேண்டும். நம்ம பக்கம் அதற்கெல்லாம் வழி கிடையாது. அதனால் இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழி, வருவதில் இத்தனை சதவீதம் என்று நாடித்துடிப்பை வைத்து ஒரு குத்துமதிப்புப் போடுகிறோம். கையில் கட்டுகிற வாட்சும் அதே கணக்கைத்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் அடித்துக் காட்டுகிறது. அது ஊருக்கெல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி. ஒரே வயசுள்ள இரண்டு பேரை நிறுத்தி ஓடவிட்டால் இருபது துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். இதைப் படிக்கிற உங்கள் கையிலும் அப்படி ஒன்று இருக்கலாம். இருந்தால் நீங்களும் என் கூட்டாளிதான், கேளுங்கள்.

ஏறாத எண்

நடராசன் சார் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மருமகன் வாங்கிக்கொடுத்த வாட்சோடு நடக்க வந்தார். கூடவே நடக்கும் நண்பருக்கு நூற்று முப்பதைத் தொடுகிற நாடி, இவருக்குத் தொண்ணூற்றைந்தோடு நின்றுவிடும். அதில் அவருக்குப் பெரிய அவமானம். பிரஷருக்கு அவர் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று இதயத்தை வேகமாக அடிக்கவிடாமல் பிடித்து வைக்கிற வகை. அதைச் சாப்பிடுகிறவருக்கு வாட்சின் கலர் செல்லாது. "உங்களுக்கு நம்பர் வேணாம் சார், பேச்சு வருதான்னு மட்டும் பாருங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன். டாக்டரும் அதையேதான் சொன்னாராம். அவர் கேட்கவில்லை. எண் ஏறட்டும் என்று கையில் தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பிறகு ஓட ஆரம்பித்தார். ஒருநாள் உதடு கறுத்து, வேர்த்துக் கொட்டி, ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றவரை நான்தான் பெஞ்சில் உட்கார வைத்தேன். மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னும் பச்சைக்கே வரலியேம்மா."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆளைக் காணோம். அவர் சம்சாரம் போன் பண்ணினார். எண் ஏறுவதற்காக யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் மனுஷன். அந்த மாதிரி மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால், கட்டி வைத்திருந்த இதயம் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும். கடைவீதியில் காய்கறிப் பையோடு சரிந்திருக்கிறார். திருச்சியில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இதயத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

துறைமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலையணையை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். வாட்சை இன்னும் கழற்றவில்லை. கையை என் பக்கம் திருப்பிக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பாரும்மா, இப்ப பாத்ரூம் போயிட்டு வந்தாலே நூத்திப் பத்து காட்டுது. அன்னிக்கு எவ்வளவு மெனக்கெட்டேன்!"

பாவாடை முடிச்சில் பச்சரிசி

மைதானத்தில் எனக்குக் கூட்டாளி செல்வகுமார். மாநில அளவில் ஓடியவன், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவன். கணக்கு என்றால் அவனுக்கு அலாதிப் பிரியம். தன் கைக்காசில் மார்பில் கட்டும் பட்டைகள் வாங்கி வந்து பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, யார் எந்த வேகத்தில் ஓடலாம் என்று பிரிப்பான். அரும்பாவூரிலிருந்து வந்த கௌசல்யாவுக்கு மெதுவாக ஓடினாலே நூற்று எண்பத்தைந்து. "இவளுக்கு அடித்தளமே இல்ல விமலா, நடக்கவிட்டுத்தான் ஏத்தணும்" என்றான். சரியான பாடம்தான், எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். அவள் நடந்தாள். வாரக்கணக்கில் நடந்தாள். எண் இறங்கவே இல்லை. மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஓரமாக நடந்து வருவாள்.

ஒருநாள் குழாயடியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். கேட்டதும் வெட்கப்பட்டுப் பாவாடை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பச்சரிசி. எந்நேரமும் அதைத் தின்னத் தோன்றுமாம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை, காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவர், மிஷின் தப்போ என்று இன்னொரு தடவை எடுத்தார், ரத்தம் அவ்வளவு குறைவு. வயசுக்கு வந்ததிலிருந்தே மாதாமாதம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. வெங்காயக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற அம்மாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் நாடி பொய் சொல்லவில்லை. இருக்கிற கொஞ்ச ரத்தத்தைச் சுற்றி அனுப்ப அந்த இதயம் அப்படி அடித்துக்கொண்டது. அதைத்தான் நாங்கள் பயிற்சி போதவில்லை என்று படித்தோம்.

மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்தோம். ஆனால் ரத்தம் ஊறுவதற்குள் தேர்வு வந்துவிட்டது. கடைசி வளைவில் கால் மடங்கி உட்கார்ந்தவளை இரண்டு பெண் காவலர்கள் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். அதோடு அவளுக்கு வயசு வரம்பும் முடிந்தது. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். ரத்தம் ஏறிவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது. "இப்ப ஓடிப் பாக்குறியா?" என்று கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த சேலையை நிறுத்தாமல் சொன்னாள்: "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உக்கார விடமாட்டாங்கக்கா. நிக்கிறதுக்கு யாரும் நாடி பாக்குறதில்ல."

யார் முதலில் நிறுத்துவது

அரியலூர் ஜிம்முக்கு வந்த தினேஷ் சிமெண்ட் ஆலையில் என்ஜினீயர். ஓடும் மிஷினில் ஏறிய முதல் வாரமே முகம் வெளிறி இறங்கினான். வாட்சில் நூற்று எழுபத்திரண்டு. கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன், நூற்று முப்பதுகூட இல்லை. நடந்தது இதுதான்: கையில் தளர்வாகக் கட்டிய வாட்ச் நாடியைப் பிடிக்க முடியாமல், அவன் காலடி அதிர்வை நாடி என்று எடுத்துக்கொண்டு எண்ணியிருக்கிறது. இது அடிக்கடி நடப்பதுதான். எடுத்துச் சொன்னேன், மார்புப் பட்டை கட்டியும் காட்டினேன். தலையை ஆட்டினான், நம்பவில்லை.

திருச்சிக்குப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தான், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றதும் பயம் கூடியது, இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று. ஓட்டம் போனது, மாடிப்படி போனது, கடைசியில் பெற்ற பிள்ளையைத் தூக்குவதும் போனது. கை நீட்டி வருகிற குழந்தையைப் பார்த்தாலே மணிக்கட்டைப் பார்க்கிறார் என்று அவன் மனைவி என்னிடம் அழுதாள். மனநல டாக்டரிடம் போகச் சொன்னேன். போனான், இன்னும் போய்க்கொண்டிருக்கிறான். வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கு, வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்: "நான் பயந்தா அது ஏறுது மேடம். அது ஏறுனா நான் பயப்படுறேன். இதுல யாரு மொதல்ல நிறுத்துறது?"

கிடங்கில் ஒரு சொற்பொழிவு

அரியலூர் பக்கம் ஒரு தனியார் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு உடல்நலம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கத்திரி வெயில் காலம், தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் பார்த்தேன், எல்லோர் கையிலும் ஒரே மாதிரிப் பட்டை. மேனேஜர் பெருமையாக ஒரு திரையைக் காட்டினார். யாருடைய நாடி எவ்வளவு என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. எண் குறைவாக இருக்கிறவன் வேலையில் ஏய்க்கிறான், எண் அதிகமாக இருக்கிறவன் வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் மறுநாள் வேலை.

அய்யாக்கண்ணு என்ற நடுத்தர வயசுக்காரர் அங்கே பல வருஷமாக மூட்டை தூக்குகிறவர். உழைத்துப் பழகிய இதயம், நிதானமாகத்தான் அடிக்கும். அவரைச் சோம்பேறி என்று எல்லோர் எதிரிலும் திட்டியிருந்தார்கள். அவர் தம்பி வயசில் இருந்த ஒருவர் எண் ஏறிவிட்டது என்று வாசலில் நிறுத்தப்பட்டிருந்தார். நான் வந்த வேலையை விட்டுவிட்டு மேனேஜரிடம் பேசினேன். இதே மூட்டையை இதே வேகத்தில் மார்கழியில் தூக்கினால் இந்த எண் வராது, வெயிலும் தண்ணீர் இல்லாததும் நாடியை ஏற்றும், முதலில் காற்றாடி போடுங்கள், மோர் கொடுங்கள், நடுப்பகலில் நிறுத்துங்கள் என்றேன். ஒருவன் நாடியை இன்னொருவன் நாடியோடு ஒப்பிடவே கூடாது என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எனக்குப் பழச்சாறு வரவழைத்தார்.

அந்தக் கோடை முடிவதற்குள் அய்யாக்கண்ணு அங்கே இல்லை. வேகமாக ஓடி ஓடித் தூக்கி எண்ணை ஏற்றிக் காட்டியிருக்கிறார். வெயில் தலைக்கேறி மூட்டையோடு விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கேள்விப்பட்டதும் மேனேஜருக்குப் போன் பண்ணிக் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், ஆளை மாத்துறது ஈஸி. சிஸ்டத்தை மாத்துறது கஷ்டம்."

செல்வகுமார்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஐப்பசி மாதம். செல்வகுமார் வீட்டில் பிள்ளைகள் இரண்டுக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது, பிறகு அவனுக்கு. காய்ச்சல் விட்டதும் மைதானத்துக்கு வந்துவிட்டான். திருச்சியில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். "ரெண்டு நாள் பொறுத்து ஓடுங்களேன்" என்றேன். "மெதுவாத்தான், முதல் எல்லைக்குள்ளதான்" என்றான். அவனுக்கு உட்கார்ந்திருக்கும்போது நாடி ஐம்பதுகூட இருக்காது. ஓடும்போதும் அவன் நாடி ஊர்க் கணக்குக்கு ஏறாது, நூற்று இருபத்தைந்திலேயே முதல் எல்லை வந்துவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாட்ச் அவன் வயசை வைத்துக் கணக்குப் போட்டது, நூற்று நாற்பது வரை அதற்குப் பச்சை. பிள்ளைகளுக்கெல்லாம் அளவைத் திருத்தி வைத்துக் கொடுத்தவன், தன்னுடையதைத் திருத்தாமல் விட்டிருந்தான். ஓடும்போது வாய் ஓயாதவன் அவன். "தோளைத் தளத்து!", "மூச்சை விடுறா!" என்று மைதானம் முழுக்க அவன் குரல்தான் கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. என்னைத் தாண்டிப் போனபோது, "என்ன பேசாம ஓடுறீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையைத் தூக்கி வாட்சைக் காட்டினான். பச்சை.

அடுத்த சுற்றில் மணல் குழியைத் தாண்டியதும் முகம் குப்புற விழுந்தான். ஓடிப்போய்ப் புரட்டினேன். மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். ஒரு பிள்ளை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினான், மற்றவர்கள் சுற்றி நின்று அழுதார்கள். அவன் இடது கை என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த வாட்சில் எண் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் புரிந்தது, அது என் கை அழுத்துகிற அதிர்வை எண்ணிக்கொண்டிருக்கிறது. நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை நான் நிறுத்தவில்லை. வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியாஸ்பத்திரியில் அவ்வளவுதான் என்றார்கள்.

காய்ச்சல் கிருமி இதயத் தசையில் இறங்கியிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த நிலையில் ஓடியிருக்கவே கூடாதாம், பச்சையோ சிவப்போ. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவன் மனைவி மகேஸ்வரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னிக்கு வூட்டுல ஷூ மாட்டக் குனிஞ்சப்பவே மூச்சு வாங்குச்சுக்கா. என் காதால கேட்டேன். என்னங்கன்னு கேட்டா, கையைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு."

யார் கையில் இருந்தது

செல்வகுமார் போன பிறகு கொஞ்ச காலம் மைதானத்துக்குப் போகவில்லை, அரியலூர் மட்டும்தான். அப்போது அறிமுகமானவர் பழனிமுத்து. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் காடும் கொஞ்சம் வயலும் வைத்திருப்பவர், டவுன் பஸ் பிடித்து ஜிம்முக்கு வருவார். வருவது அவர் விருப்பமில்லை, வெளிநாட்டில் இருக்கிற மகனின் உத்தரவு. மகன் அனுப்பிய வாட்சில் அப்பாவின் நாடி மகனின் போனில் தெரியும். அப்பாவுக்கு எல்லை நூற்று ஐந்து, அதற்கு மேல் போகவிடாதீர்கள் என்று எனக்கு மெசேஜ் வரும். பெரியவரோ நூற்று இருபதில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே நடப்பார், ஒரு இடத்தில்கூட மூச்சு தடுக்காது. மண்வெட்டி பிடித்த உடம்பு. ஆனால் மண்வெட்டியைத் தொட்டாலே போன் அடிக்கும், "அப்பா, வெச்சிட்டு உக்காருங்க."

ஒருநாள் மகனிடமிருந்து பதறிப்போய் அழைப்பு. நாடி அறுபது, நூற்று ஐம்பது, எண்பது என்று தாறுமாறாகக் குதிக்கிறதாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டானாம். வயலில் இருந்த பெரியவரை இழுத்துப்போய்ப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நாள் முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள். இதயம் கடிகாரம் மாதிரி அடித்தது. வாட்ச் கோளாறு என்று அனுப்பிவிட்டார்கள். நானும் மகனுக்கு அப்படித்தான் ஆறுதல் சொன்னேன், கையில் கட்டுவது தப்பாகக் காட்டும், நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன் என்று.

அடுத்த மாதம் அவர் மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. இதயம் ஒழுங்கில்லாமல் துடித்து, அதில் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கிறது என்றார்கள். பார்க்கப் போனேன். அந்த அம்மா கட்டிலில் கிடந்தார். பழனிமுத்து வெளியே வந்து, மகன் போனில் கேட்டுவிடப் போகிறான் என்கிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். "பாப்பா, வரப்பு வெட்டப் போவணும்னு அன்னிக்கு அந்த வாட்சைக் கழட்டி அவ கையில மாட்டிட்டுப் போயிட்டேன்."

பேச்சுப் பரீட்சை

மறுபடி மைதானத்துக்குப் போனபோது, எண்களைத் தூரத்தில் வைப்பது என்று முடிவெடுத்திருந்தேன். நடக்கிறவரைப் பேசச் சொல்வேன். முழு வாக்கியம் வந்தால் முதல் எல்லைக்குள் இருக்கிறார், வார்த்தை வார்த்தையாக உடைந்தால் தாண்டிவிட்டார். செலவில்லாத பரீட்சை, இதுவரை யாரையும் கைவிட்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரஞ்சன்குடியிலிருந்து சரோஜா அக்கா வந்தார். சர்க்கரை எக்கச்சக்கம், நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். "பேசிக்கிட்டே நடங்கக்கா" என்றால் தலையை ஆட்டுவார், வாய் திறக்க மாட்டார். ஊர் எது, என்ன சமையல், எது கேட்டாலும் "ம்". சரி, மூச்சு போதவில்லை என்று வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். மாதக்கணக்கில் அந்த அம்மாவை ஊர்ந்து போக வைத்தேன். சர்க்கரை இறங்கவில்லை. காலில் ஒரு புண் வந்து ஆறாமல் ஒரு விரலையும் எடுத்தார்கள். ஆறியதும் திரும்ப நடக்க வந்தார், அப்போதும் பேச்சில்லை.

ஒருநாள் காலை வந்ததிலிருந்தே வேகமாக நடந்தார். நான் கூடவே ஓட வேண்டியிருந்தது. திடீரென்று பேச ஆரம்பித்தார். ஒரே மகன், வேலை முடிந்து பைபாஸில் பைக்கில் வந்தவன், லாரி. அவர் பேசிய அன்றைக்கு அவன் பிறந்த நாள். அவன் பள்ளிக்கூடம் போனது, சட்டைக் கலர், கடைசியாகச் சாப்பிட்டது, ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டச் சொன்னது என்று மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு இடத்தில்கூட மூச்சு தட்டாமல், நான் வைத்திருந்த வேகத்துக்கு இரண்டு மடங்கில் நடந்துகொண்டே சொன்னார். எனக்குத்தான் இரைத்தது. சொல்லி முடித்ததும் வேப்பமரத்தடியில் நின்று அழுதார். பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நின்ற இடத்தில் நாடி குதித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் அடங்கியதும், "இத்தனை நாளும் ஏங்கக்கா பேசல?" என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வூட்டுல கேக்க ஆளில்ல, பேசுற பழக்கமே விட்டுப்போச்சு. மூச்செல்லாம் நெறயத்தான் இருக்குதுங்க."

இவ்வளவையும் பார்த்த பிறகும், நாளைக் காலையில் யாராவது என் எதிரே வந்து கையை நீட்டி "மேடம், இது சரியா?" என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அந்த எண்ணுக்குத்தான் போகும்.